நழுவிய பந்து யார் பேரில் ஏறும்

காலை எட்டு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பார்.

"யக்கா, நம்ம ஆளுக என்ன ஆனாங்க?"

நம்ம ஆளுக என்றால் ஊர்க்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஏரிக்கரை நகரத்தில் பேஸ்பால் ஆடுகிற அணி. கண்டக்டர் அவர்கள் ஆடி ஒரு பந்துகூடப் பார்த்தது கிடையாது. இடது பக்கம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து நானும் மதினியும் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவருக்கு அவர்கள் நம்ம ஆளுகளாகிவிட்டார்கள்.

"அஞ்சாவது இன்னிங்ஸ் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு பந்து எறியுற மேட்டுக்காரருக்குக் கை தளந்துபோச்சு" என்பாள் மதினி.

"ஆளை மாத்தலையாக்கும்?"

"மாத்துனாங்க. எல்லாம் போன பொறவு மாத்துனாங்க."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போவார். என்னத்தைப் பார்த்தாரோ!

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. போன வருடம் ஆடியில், தேருக்காகப் பஸ்களைச் சுற்றிவிட்ட வாரத்தில், இதே சீட்டில் எனக்குப் பக்கத்து இடம் காலியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். காலியாகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. இருபது வருடம் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் என்பது பத்திரிகைகளில் பிழை பார்த்துப் பார்த்து எனக்கு நானே சேர்த்துக்கொண்டது. எல்லாரும் கைப்பேசியிலேயே பத்திரிகை செய்து அனுப்ப ஆரம்பித்ததும் கடையை மூடினார்கள். அதன்பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த ஆபீசுக்கு வந்தேன்.

ஆபீஸ் வேலை இதுதான். அமெரிக்காவில் நடந்த பேஸ்பால் ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி வீடியோவாக அனுப்புவார்கள். பெரிய லீக் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற சின்ன லீக்குகள். ஆனாலும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்தான். ஒரு துண்டில் ஒரு பந்து. எறிந்த பந்து எங்கே வந்தது, மட்டைக்காரர் வீசினாரா, பட்டதா, பட்டது எங்கே போனது, யார் எடுத்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்று பக்கத்தில் இருக்கும் கட்டங்களில் தட்ட வேண்டும். நாங்கள் தட்டுவதைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் பார்க்கப் பழகுமாம். முப்பது பேர் உட்கார்ந்து தட்டுகிறோம். சேர்ந்த அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாது. கிரிக்கெட் எல்லாருக்கும் தெரியும். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பழகுவதற்கு முன்பே ஆபீஸ் முழுக்க ஆட்டக்காரர்களுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். நடுவில் மண்மேட்டில் நின்று எறிகிறவர் மேட்டுக்காரர். மட்டைக்காரருக்குப் பின்னால் முகமூடியோடு உட்கார்ந்து பிடிக்கிறவர் குத்தவச்சவர். அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடத்துக்குப் பேஸ் என்று பேர்; மூன்று பேசையும் தொட்டு நாலாவதாக வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். இரண்டாம் பேசுக்கும் மூன்றாம் பேசுக்கும் நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கு ரெண்டுங்கெட்டான். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கிற பந்துவீச்சாளருக்குக் கதவடைக்கிறவர். நாலு பந்து தப்பாகப் போட்டு மட்டைக்காரர் சும்மா முதல் பேசுக்கு நடந்து போனால், "சும்மா நட" என்று நாலு மூலையிலிருந்தும் சத்தம் வரும். யார் எதைச் சொன்னாலும் நான் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள கிறுக்கு.

எழுதி வைப்பதோடு நின்றால் பரவாயில்லை. எனக்குப் பேசவும் வேண்டும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை டீம் லீடர் என்னிடம் கொடுத்தார். ஆலங்குளத்துத் தம்பி அவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. "அக்கா, நீங்க சொன்னா அவங்களுக்குச் சட்டுன்னு மனசுல பதியுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதினி வந்தது அப்போதுதான்.

உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பிறந்தது சுந்தரபாண்டியம், வாக்கப்பட்டது ராஜபாளையம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மூன்றாம் நாள், "அக்கான்னு கூப்பிட்டா எனக்கு வயசான மாதிரி இருக்குட்டி, மதினின்னு கூப்பிடு" என்றாள். கூப்பிட்டேன். என்னை அவள் ஏட்டி என்பதோடு சரி.

பத்தொன்பது வருடம் மில்லில் இருந்தவள். ஸ்பின்னிங்கில் வரிசையாக நூல் சுற்றி ஓடுகிற கதிர்களுக்கு நடுவில் நடந்துகொண்டே, எந்த இழை அறுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒட்டுகிற வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. பேசினால் ஒன்றுமில்லை, சிரித்தால் இருமல் வந்துவிடும். அது நிற்பதற்குள் சிரித்த விஷயமே மறந்துபோகும். டாக்டர் கடைசியில், "பஞ்சு வேணுமா மூச்சு வேணுமா, நீங்களே சொல்லிருங்க" என்றாராம். "மூச்சே இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன்" என்பாள்.

மில்லை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. படித்தது எட்டாம் வகுப்பு. பட்டாளத்திலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர்தான், "மூணு மாசம் பாரு, முடியலன்னா வந்துரு" என்று அனுப்பிவைத்தார். எங்கள் ஆபீசிலும் மூன்று மாதம்தான் சோதனைக் காலம். அது முடியும்போது அவள் தட்டியதை, மைதானத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் ஸ்கோரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் சீட் நிரந்தரம். பொருந்தாவிட்டால் வீட்டுக்கு. வீட்டிலிருந்து மறுபடி மில்லுக்கு. அவளும் அதை மறைக்கவில்லை. "இது போச்சுன்னா நான் அங்கதான் போகணும், வேற எங்க போக?" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

அவள் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. முதல் பேசில் நிற்கிறவன் அடுத்த பேசுக்குத் திடீரென்று ஓடுவான். திருடி ஓடுவது என்று ஆட்டத்திலேயே பேர். நாங்களெல்லாம் அவன் ஓட ஆரம்பித்த பிறகுதான் பார்ப்போம். மதினி, அவன் இடது குதிகால் மண்ணைவிட்டு எழும்பும்போதே "களவுக்குக் கெளம்பிட்டான்" என்பாள். "அம்புட்டுக் கதிருல ஒத்தை இழை அறுந்தாத் தெரியணும்ட்டி. இங்க மொத்தமே ஒம்பது பேரு" என்பாள்.

இரண்டே வாரத்தில் வேலை போதாமல் ஆட்டமே பிடித்துப்போனது அவளுக்கு. அங்கே சாயங்காலம் நடக்கிற பெரிய லீக் ஆட்டம் இங்கே நமக்கு விடியக் காலையிலிருந்து வரும். பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசியில் ஸ்கோரைப் பார்த்துவிட்டுச் சண்டையை ஆரம்பிப்போம். முதல் பேசில் ஆள் இருக்கும்போது, மட்டைக்காரர் பந்தை மெதுவாகத் தட்டிவைத்துத் தான் அவுட்டாகி அவனை அடுத்த பேசுக்கு அனுப்பலாமா, இல்லை ஓங்கி அடித்துப் பார்க்கலாமா?

"தட்டி வைக்கணும். ஒருத்தனாவது போய்ச் சேரட்டும்" என்பேன் நான்.

"ஒரு இன்னிங்ஸுக்கு இருக்கதே மூணு அவுட்டு. அதுல ஒண்ணைக் கையில எடுத்துக் குடுக்கச் சொல்லுதியா? ஒன் வீட்டு அரிசியா அது?"

"இப்ப பெரிய அணிக்காரங்களும் அப்படித்தான் சொல்லுதாங்களாம் மதினி. கணக்குப் போட்டுப் பாத்துட்டுத் தட்டுறதையே கொறைச்சிட்டாங்களாம்."

"கணக்கு எதுக்கு? என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

மட்டைக்காரர் பத்து முறை வந்து மூன்று முறை ஒழுங்காக அடித்தாலே அங்கே பெரிய ஆள் என்று நான் சொன்ன அன்று அவள் நம்பவே இல்லை. "ஏழு தடவை அவுட்டானவனையா தலையில தூக்கி வைக்காங்க? நல்ல ஊரா இருக்கே! நம்ம வீட்டுல ஏழு நாள் கொழம்பு கெட்டுப்போனா விடுவாங்களா?" என்று சிரித்தாள். இருமினாள். முன்சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூலைக் கடைசியில் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்கிற செய்தி வரும். நம்ம ஆளுகளின் மூன்றாம் பேஸ்காரரை, எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தவரை, கடலோர ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டினேன்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்களாம். ஃபோன்ல சொல்லுவாங்களாம். மறுநாளே அங்க போய் நிக்கணுமாம்."

"நம்மளக் கட்டிக்குடுத்த மாதிரியில்ல இருக்கு" என்றாள் மதினி. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "போற எடத்துல நல்லா வச்சுக்கிடுவாங்களா? சாப்பாடெல்லாம் சேருமா?" என்று அன்று முழுக்க அவனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி என் வாய் செய்த வேலையைச் சொல்கிறேன்.

ஆபீசில் எனக்கு முதல் பாதி வேலை. பந்து வந்து மட்டைக்காரரைத் தாண்டுவது வரை என் கட்டங்கள். பட்ட பிறகு என்ன ஆனது என்பது மதினியின் கட்டங்கள். அதை நான் ஒருநாளும் தட்டியதில்லை. அதற்கென்று ஐம்பது பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு விதிப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். என் பாதியை வரி வரியாகப் படித்திருந்தேன். அவள் பாதியைப் புரட்டினேன் என்று சொல்லலாம், படித்தேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே மதினி கேட்டாள்.

"ஏட்டி, ஒரு சந்தேகம். இவன் அடிக்கான். பந்து நேரா ரெண்டுங்கெட்டான்கிட்ட போகுது. அவன் எடுக்கிறதுக்குப் பதிலா காலுக்கு நடுவுல விட்டுடுதான். இவன் ஓடி முதல் பேசுக்கு வந்துடுதான். இதுக்கு என்ன தட்ட?"

நான் வாயில் சோற்றோடு சொன்னேன். "வந்து சேந்துட்டான்ல? ஹிட்டுன்னு தட்டுங்க. எப்படி வந்தா என்ன? கிரிக்கெட்ல கேட்சை விட்டுட்டா அந்த ரன்னு யாருக்கு? அடிச்சவனுக்குத்தான?"

"அதுவும் சரிதான்" என்றாள்.

சரியில்லை. கிரிக்கெட்டில் எவன் பந்தை விட்டாலும் ஓடிய ரன் அடித்தவன் பேரில்தான் ஏறும், எறிந்தவன் கணக்கிலும் விழும். விட்டவனுக்குத் திட்டு மட்டும்தான். பேஸ்பாலில் அப்படி இல்லை. சாதாரணமாக எடுத்திருக்க வேண்டிய பந்தை ஒருவன் விட்டால் அதற்கு எரர் என்று பேர். அது விட்டவன் பேரில் ஏறும். அடித்தவன் வந்து சேர்ந்திருந்தாலும் அது அவன் ஹிட் ஆகாது. அதனால் ரன்னே போனாலும் மேட்டுக்காரர் கணக்கில் சேராது. யார் செய்த தப்பு யார் தலையில் என்பதை அவ்வளவு பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அரிச்சுவடி. எங்களுக்கு, சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்ட காதுக்கு, தோன்றவே தோன்றாது.

அன்றிலிருந்து மதினி இரண்டரை மாதம் எரரையெல்லாம் ஹிட்டென்று தட்டினாள், ஒன்று விடாமல். அவள் கண்ணுக்குத்தான் ஒன்றும் தப்பாதே.

சோதனைக் காலம் முடிந்த வெள்ளிக்கிழமை டீம் லீடர் அவளைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். அழவில்லை. தன் இடத்துக்கு வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டாள், டப்பாவைப் போட்டாள். கீபோர்டைத் துணியால் துடைத்தாள்.

"என்ன மதினி?"

"நெறையத் தப்பாம். கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ்ல இருந்து திங்கக்கெழமை சொல்லுவாங்களாம். அவரு மொகத்தப் பாத்தாலே தெரியுதுட்டி." பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "என் கண்ணு போயிருச்சு போல" என்றாள். "மில்லுல இருக்கும்போதே லேசா மங்குன மாதிரிதான் இருந்துச்சு."

அவள் கீழே இறங்கிய பிறகு டீம் லீடரிடம் போய்த் தாளைக் கேட்டேன். காட்டினார். பச்சை பச்சையாக இறங்கி வந்த பக்கத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அது எரர் வரிசை. பார்த்ததும் அந்தச் சாப்பாட்டு நேரம், என் வாய்ச் சோறு, "எப்படி வந்தா என்ன?" எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில்தான் வந்தாள், அப்போதும் சொல்லவில்லை. தேர்க் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை, ஒரு மணி நேரம் இருந்தது சொல்ல. "கவலப்படாதிய மதினி" என்று மட்டும் சொன்னேன். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த விதிப் புத்தகத்தில் அவள் பாதியைச் சனி, ஞாயிறில்தான் முழுசாகப் படித்தேன். எரர் பற்றி மூன்று பக்கம் இருந்தது. படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இரண்டு வருடமாக என் மேசையில் இருந்த புத்தகம்.

திங்கட்கிழமை பஸ் ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அதனால்தான் இது என்றேன்.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடவார் வளாகம் ஸ்டாப் வந்த பிறகுதான் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்போ என் கண்ணுல கோளாறு இல்ல?"

"இல்ல மதினி. கோளாறெல்லாம் என் வாயிலதான்."

"மத்ததெல்லாம் சரியா?"

"அம்புட்டும் பச்சை. நான் பாத்தேன்."

டப்பாப் பையாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பாவி! ரெண்டு நாளா ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால காலண்டரப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இவிய வேற கண்ணாசுபத்திரிக்குப் போவமாங்காக." இவிய என்றது வீட்டுக்காரரை. பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வந்ததைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. வேலை போவதைவிடக் கண் போய்விட்டதென்றுதான் அவள் பயந்திருக்கிறாள்.

ஆபீசுக்குப் போனதும் இரண்டு பேரும் நேராக டீம் லீடர் அறைக்குள் போனோம்.

"அக்கா, எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா சோதனைல வர்ற மார்க்கு அவங்கவங்க பேர்லதான் ஏறும். வேற வழி இல்ல."

"தம்பி, ஒண்ணு கேக்கேன். ரெண்டுங்கெட்டான் பந்தை விட்டுடுதான். அதனால ரன்னு போயிருது. அந்த ரன்னை மேட்டுக்காரர் கணக்குல சேப்பீங்களா?"

"சேக்க மாட்டோம்."

"ஏன்?"

"அவரு தப்பு இல்லையே அக்கா."

"இங்க பந்தை விட்டது நான். மதினி பந்தை ஒழுங்காத்தான் போட்டாக. பொறவு எப்படி அவிய பேருல ஏத்துதீய?"

அவர் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "இதை எழுதிக் குடுப்பீங்களா? உங்க பேர்ல போகும்" என்றார்.

எழுதினேன். கல்யாணப் பத்திரிகை ஆயிரக்கணக்கில் அடித்த கைக்கு அந்த ஆறு வரி வர ஒரு மணி நேரம் ஆனது. தப்பான வழி சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீம் லீடர் அதை அனுப்பிவிட்டுக் கோயம்புத்தூருக்கு ஃபோனும் பேசினார். அங்கே யோசித்துச் சொன்னார்கள். அந்த ஒரு வரிசையை மட்டும் இரண்டு நாளில் அவளே திருத்தித் தரட்டும், மறுபடி பார்க்கிறோம். ஒரு நிபந்தனை, நான் அவள் பக்கத்தில் போகக் கூடாது. எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

மூன்று பக்கத்தையும் டீம் லீடரே தமிழில் சொன்னார். மதினி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "இழை தானா அறுந்ததும் உண்டு, கை பட்டு அறுந்ததும் உண்டு. பாத்தாத் தெரியும். அந்த மாதிரிதான?" சாதாரணமாகக் கை நீட்டினால் எடுத்திருக்கக்கூடிய பந்தா, இல்லை யாராலும் முடியாத பந்தா என்பதுதான் விதி. அவளுக்கு அது மில்லிலேயே தெரிந்த விஷயம். அதன்பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளும் முதுகு நிமிர்ந்தபடி உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். நான் தூரத்திலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டங்களில் அந்த இரண்டு நாளில் எத்தனை தப்போ.

முடிவு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. மதினி ஹாலின் அந்தக் கடைசியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். டீம் லீடர் ஃபோனைக் காதில் வைத்தபடியே அறையை விட்டு வெளியே வந்தார். முப்பது பேரும் நிமிர்ந்தோம். அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருந்ததால் அவரால் வாய் திறக்க முடியவில்லை. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் உள்ளங்கை கீழே பார்க்க, மார்புக்கு நேராகப் பக்கவாட்டில் விரித்து வீசினார். ஓடிவந்தவன் பேசைத் தொட்டுவிட்டான், அவுட் இல்லை என்பதற்கு அம்பயர் காட்டுகிற சைகை அது. ஒரு நாளைக்கு நூறு முறை பார்க்கிறோம்.

மதினி கையில் டப்பாவோடு அப்படியே நின்றாள். பிறகு ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

டீ கொண்டுவந்தவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், புரியாமல் சுற்றிப் பார்த்தார். "என்னக்கா, வைடா?" என்றார். அதற்கு மேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்கும் தீர்ப்பு வந்தது. புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. இப்போது இல்லை. அந்தப் பொறுப்பு இப்போது யாரிடம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மதினியிடம்தான். யார் சந்தேகம் கேட்டாலும், "இரு, வீடியோவைப் போடு, பாப்போம்" என்பாள். பார்க்காமல் ஒன்றும் சொல்வதில்லை. என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது மட்டும், "இவதான் நம்ம ரெண்டுங்கெட்டான். பந்தை இவகிட்ட அடிச்சிராதிய" என்பாள்.

போன வாரம் பஸ்ஸில் அவள் கேட்டாள். "ஏட்டி, ஆட்டம் சமமாப் போயிப் பத்தாவது இன்னிங்ஸ் வந்தா, சும்மாவே ஒருத்தனை ரெண்டாம் பேசுல நிறுத்தி வைக்காங்கல்ல? அவன் வீடு வந்து சேந்தா அந்த ரன்னு மேட்டுக்காரர் கணக்குல ஏறுமா ஏறாதா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏறும் என்று ஒரு பதில், ஏறாது என்று ஒரு பதில், இரண்டுக்கும் காரணம்கூடத் தயாராக இருந்தது. கண்டக்டர் கையில் டிக்கெட்டோடு காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாது மதினி" என்றேன். "புத்தகத்தைப் பாத்துட்டுச் சாயங்காலம் சொல்லுதேன்."

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கேட்டீங்களா கண்டக்டரே? இவளுக்குத் தெரியாதாம்! இன்னைக்கு மழை வரும், பிளவக்கல் டேம் ரொம்பிரும்!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். முன்சீட்டு அம்மா திரும்பாமலேயே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். நானும் பழக்கத்தில் இருமலுக்காகக் காத்திருந்தேன்.

மதினி சிரித்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கியது.